ராத்திரி ஆறு தடவை எந்திரிக்காங்க: சுகர் மட்டும்தானா?

கோவில்பட்டிக்காரி | செவ்வாய், இரவு 11:52

வணக்கம். அப்பாவுக்கு 67 வயசு, அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. சுகர் வந்து 11 வருஷம் ஆச்சு. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ரெண்டும் போடுதாங்க. பிரஷருக்குத் தனியா ஒரு மாத்திரை.

ரெண்டு மாசமா ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சுக்கிட்டே இருக்காங்க. அம்மா தூக்கம் வராமப் படுத்துக்கிட்டு பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தத்தை எண்ணுதாங்க. நேத்து ஆறு. வாய் வறண்டு நாக்கு ஒட்டுதுங்காங்க, ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு மடக்கு தண்ணி குடிக்க மாட்டாங்க. "குடிச்சாத்தானே வரும்"னு ஒரு கணக்கு. பஸ்ல இருந்த காலத்துப் பழக்கம். டிரிப் முடியற வரைக்கும் இறங்க முடியாதுன்னு தண்ணியே குடிக்காம இருந்தவங்க.

கண்ணும் மங்கலாத் தெரியுதுன்னாங்க. போன வாரம் 2,800 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி போட்டோம்.

நேத்து லேப்ல பாத்தது: வெறும் வயித்துல 212, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 318, மூணு மாசச் சராசரி (HbA1c) 10.1 சதவீதம். டாக்டரைப் பாக்க வெள்ளிக்கிழமைதான் டோக்கன் கிடைச்சிருக்கு. பக்கத்து வீட்டு மாமா, "இது புராஸ்டேட்மா, மூத்திரப் பைக்குக் கீழ உள்ள சுரப்பி பெருத்துக்கிடும், இந்த வயசுல எல்லா ஆம்பளைக்கும் உள்ளதுதான்"ங்காங்க. அத்தை, "சுகர்தான், சோத்தைக் குறை"ங்காங்க. எது சரி? வெள்ளிக்கிழமை வரைக்கும் தண்ணியைக் குறைச்சே வச்சிருக்கலாமா?

வார்டு_சிஸ்டர் | புதன், காலை 5:40

முதல்ல எழுந்து அப்பாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடும்மா. மத்ததை அப்புறம் பேசலாம்.

நான் அரசு ஆஸ்பத்திரியில 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ. தண்ணியை நிறுத்தினா யூரின் நிக்கும்னு நினைச்சுக் காய்ஞ்சு போய் வந்தவங்களை எண்ணி மாளாது. அப்பா தண்ணி குடிக்கறதால யூரின் வரல. யூரின்ல தண்ணி போயிடறதாலதான் தாகமே எடுக்குது.

கண்டக்டருக்குக் கண்டக்டர் பாஷையிலயே சொல்லு. சிறுநீரகம் ரத்தத்துல இருக்கற சர்க்கரையை முதல்ல மொத்தமா வெளியே வடிகட்டும். அப்புறம் அதை பஸ்ல ஏத்தி ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிடும். நல்லா இருக்கற ஆளுக்கு ஒரு நாளைக்கு 180 கிராம் சர்க்கரை இப்படி இறங்கி, முழுசும் திரும்ப ஏறிடுது. யூரின்ல ஒண்ணும் மிஞ்சாது. ஆனா பஸ்ல சீட்டு அளவாத்தான் இருக்கு. ரத்த டெஸ்ட்ல சுகர் 180க்கு மேல போனா ஸ்டாண்டிங் கூட ஃபுல். ஏற முடியாத சர்க்கரை யூரினோட போகும், சும்மா போகாது, தண்ணியையும் இழுத்துக்கிட்டுப் போகும். உங்க அப்பாவுக்கு 10.1ன்னா சராசரி சுகர் 240க்கு மேல. ராத்திரி பகல்னு பாக்காம பஸ் நிரம்பி வழிஞ்சுக்கிட்டு இருக்கு.

வெள்ளி வரைக்கும் காத்திருக்கக் கூடாத நிலைமையையும் தெரிஞ்சு வச்சுக்கோ. தூங்கி வழியறது, பேச்சு குழறல், வாந்தி, வயித்து வலி, வாயில பழ வாசனை, வேகமா மூச்சு வாங்கறது, காய்ச்சல். இல்லேன்னா முட்டுது ஆனா சொட்டுக் கூட வரலைங்கறது. இதுல எது வந்தாலும் டோக்கன் எல்லாம் பாக்காதே, நேரா கேஷுவாலிட்டி.

கண்ணாடிக்கு அவசரப்பட்டுட்டீங்க. அதைப் பிறகு சொல்றேன்.

சித்தன்போக்கு | புதன், காலை 7:15

சகோதரி, பதற வேண்டாம். நம் முன்னோர் நீரிழிவு என்று பெயர் வைத்ததே இந்த நீர் இறங்குவதைப் பார்த்துத்தான். ஆவாரம்பூ கஷாயம் காலை மாலை, ஊறவைத்த வெந்தயம் ஒரு ஸ்பூன். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டுப் பனங்கற்கண்டு, கருப்பட்டிக்கு மாறச் சொல்லுங்கள். இயற்கையானது, சர்க்கரையை ஏற்றாது. ஆங்கில மருந்தை மெல்ல மெல்லக் குறைத்துவிடலாம்.

மருந்துக்கடை_முருகு | புதன், காலை 7:31

ஐயா, வெந்தயத்தோட நிறுத்தியிருந்தா நானும் தலையாட்டியிருப்பேன். நார்ச்சத்து இருக்கு, சாப்பிடட்டும். ஆனா பனங்கற்கண்டும் கருப்பட்டியும் சர்க்கரையை ஏத்தாதுன்னு எப்படிச் சொல்றீங்க? ரெண்டுலயும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், கரும்புச் சர்க்கரையில இருக்கற அதே சரக்கு. பனையில இருந்து வந்துச்சா கரும்புல இருந்து வந்துச்சான்னு கணையம் விசாரிக்கறதில்லை. சராசரி 10ல நிக்கற மனுஷனை மாத்திரையைக் குறைங்கன்னு சொல்றது தப்புங்க.

சித்தன்போக்கு | புதன், காலை 7:50

மருந்துக் கடைக்காரர் வேறு எப்படிச் சொல்வார்!

மருந்துக்கடை_முருகு | புதன், காலை 7:58

அதான் நாட்டு மருந்தும் நானே விக்கறேனே. ஆவாரம்பூப் பொடி மூணாவது அலமாரியில இருக்கு.

மட்டுறுத்துநர் | புதன், காலை 8:20

இழை திசை மாற வேண்டாம். மருந்தை நிறுத்து, குறை என்ற அறிவுரைகளை இங்கே யாரும் எழுதக் கூடாது என்பது பழைய விதி.

ஓய்வுபெற்ற_லேப் | புதன், காலை 10:05

ஐயா சொன்ன பெயர் விஷயம் மட்டும் உண்மை. நோயின் பெயர் சர்க்கரையைச் சொல்லவில்லை, நீரைத்தான் சொல்கிறது. எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்த கதை ஊருக்கு ஊர் உண்டு. அந்த இனிப்பு சர்க்கரைதான் என்று 1776ல் இங்கிலாந்தில் மேத்யூ டாப்சன் சிறுநீரைக் காய்ச்சி வற்ற வைத்துக் காட்டினார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது குளுக்கோமீட்டரெல்லாம் கிடையாது. பெனடிக்ட் கரைசல்தான். நீல நிறத்தில் இருக்கும். சோதனைக் குழாயில் 5 மில்லி எடுத்து, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்போம். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் சிவப்பு வந்தால் நிறைய. வசதியுள்ள வீடுகளில் குழாயும் விளக்கும் வாங்கி வைத்துத் தாங்களே காய்ச்சிக்கொள்வார்கள். அந்த நாற்றத்தோடுதான் அந்த வீடுகளில் காலைக் காப்பி.

இதை எழுதக் காரணம், "யூரினில் சர்க்கரை இல்லை, அதனால் சுகர் இல்லை" என்று இன்றும் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சிறுநீரில் தெரிகிறதென்றால் ரத்தத்தில் ஏற்கெனவே 180ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். வயதானவர்களுக்கு அந்த வரம்பு இன்னும் மேலே போய்விடும். 220 இருந்தும் குழாய் நீலமாக நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனைதான் பேச்சு.

வடமராட்சியான் | புதன், மதியம் 1:30

தங்கச்சி, என்ர அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லுறன். இஞ்ச நாங்கள் இதைச் சலரோகம் எண்டுதான் சொல்லுறது. சலம் எண்டால் சிறுநீர்.

அம்மாவுக்கு அப்ப 74 வயது. காய்ச்சல் வந்து படுத்திட்டா. அடிக்கடி சலம் போக வேணும் எண்டு எழும்பினவ. எழுப்பிக்கொண்டு போறது எங்களுக்குக் கரைச்சல் எண்டு நினைச்சு, தண்ணி குடிக்கிறதை அவவே குறைச்சுப்போட்டா. களைப்பாக் கிடக்கெண்டு சொன்னா, நான் மடையன், சோடா வாங்கிக் குடுத்தன். நாலாம் நாள் சலம் போறது நல்லாக் குறைஞ்சிட்டுது. வருத்தம் சுகமாகுது எண்டு நாங்கள் சந்தோசப்பட்டம்.

உடம்பில தண்ணி இல்லாமல்தான் அது குறைஞ்சது எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? சலத்தோட வெளியேற வேண்டிய சீனியும் போக வழியில்லாமல் இரத்தத்திலேயே நிண்டிட்டுது. அஞ்சாம் நாள் விடிய, அம்மா என்னை ஆரெண்டு கேட்டா. மெசினில குத்திப் பார்த்தால் எண் வரேல்லை, அளவுக்கு மேல எண்டு எழுத்துத்தான் வந்தது. ஆசுப்பத்திரியில சேலைன் போத்தல் போத்தலா ஏத்தித்தான், இன்சுலினும் போட்டுக் காப்பாத்தினவை. ஒன்பது நாள் கிடந்தவ.

அப்பாவுக்குத் தண்ணியைக் குடுங்கோ. இதுக்கு மேல எனக்கு எழுத வரேல்லை.

கோவில்பட்டிக்காரி | புதன், இரவு 9:10

அண்ணா, நீங்க எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல. சொம்பு நிறையத் தண்ணி எடுத்து அவங்களே தலைமாட்டுல வச்சுக்கிட்டாங்க.

இன்னொரு குட்டும் உடைஞ்சிருக்கு. "சீனி தொடறதே இல்லை"ன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தாங்கல்ல? சத்தியமா சீனி தொடல. கருப்பட்டிக் காப்பி, ஒரு நாளைக்கு நாலு! அதுபோக சாயங்காலம் பொழுது போகலைன்னு கூட்டாளியோட கடலை மிட்டாய்க் கடையில போய் உக்காருதாங்க. எங்க ஊரு மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சது ஊருக்குப் பெருமைதான், வீட்டுக்கு வந்த வினையைப் பாருங்க. உடைஞ்ச துண்டெல்லாம் அப்பா கணக்குதானாம்.

வார்டு_சிஸ்டர் | புதன், இரவு 9:45

திட்டாதே. திட்டினா அடுத்த தடவை மறைப்பாங்க.

இப்ப ஒரு வேலை. வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட "அடிக்கடி போறாங்க"ன்னு மட்டும் சொன்னா பத்தாது, எவ்வளவு போறாங்கன்னு கொண்டு போ. அளவு போட்ட பிளாஸ்டிக் மக் ஒண்ணு வாங்கி பாத்ரூம்ல வை. ஒவ்வொரு தடவையும் நேரம், எத்தனை மில்லின்னு ஒரு நோட்டுல எழுதணும். மூணு நாள் எழுதினா நல்லது, நமக்கு ஒரு நாள்தான் இருக்கு, பரவாயில்லை. தூங்கப் போனதுக்கு அப்புறம் வர்றதும், காலையில கண்ணு முழிச்சதும் போற முதல் யூரினும் ராத்திரிக் கணக்கு.

மாமா சொல்றது சரியா, அத்தை சொல்றது சரியான்னு இந்த மக் சொல்லிடும். தடவைக்கு 50, 80, 100 மில்லின்னு கொஞ்சம் கொஞ்சமா வந்து, அவசரமாவோ எரிச்சலாவோ இருந்தா மூத்திரப் பை, புராஸ்டேட், இல்லேன்னா கிருமி. ஒவ்வொரு தடவையும் 300க்கு மேல கொட்டுதுன்னா உடம்பு அவ்வளவு தண்ணியை உண்டாக்குது, அப்ப பையைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரு நாள் மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினா அது ஜாஸ்தி. பல வருஷ சுகர்ல பையோட நரம்பு மரத்துப் போய், முழுசாக் காலியாகாமத் தேங்கறதும் உண்டு. அதுக்கு ஸ்கேன்ல, போயிட்டு வந்த பிறகு எவ்வளவு மிச்சம்னு பாக்கச் சொல்லணும்.

பாத்ரூம் போற வழியில மிதியடி கிடந்தா எடுத்துடு. ஜீரோ வாட்ஸ் லைட் ஒண்ணு எரியட்டும். சுகரை விட, ராத்திரி வழுக்கி இடுப்பு எலும்பு முறிஞ்சு வந்தவங்கதான் என் வார்டுல அதிக நாள் படுத்தாங்க.

நைட்ஷிப்ட்_29 | புதன், இரவு 11:20

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். எனக்கு 29 வயசு, ஐடி வேலை. மணிக்கு ஒரு தடவை போறேன். சாப்பிடாம பாத்தப்ப சுகர் 94. இந்த இழையைப் படிச்சுட்டு பயமா இருக்கு.

ஓய்வுபெற்ற_லேப் | வியாழன், காலை 6:30

94க்கு யூரினில் சர்க்கரை போக வழியே இல்லை தம்பி. எத்தனை காப்பி குடிக்கிறீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். எரிச்சல் இருந்தால் யூரின் டெஸ்ட். காப்பியைக் குறைத்தும், மக்கில் அளந்தால் லிட்டர் கணக்கில் போகிறதென்றால் டாக்டரைப் பாருங்கள். அதற்குச் சர்க்கரை இல்லாத வேறு காரணங்களும் உண்டு.

நைட்ஷிப்ட்_29 | வியாழன், காலை 6:41

ஏழு காப்பி. சரி, புரிஞ்சுது.

கோவில்பட்டிக்காரி | வியாழன், இரவு 10:30

அப்பா டிக்கெட் கிழிச்ச கையில்லையா, நோட்டு அவ்வளவு சுத்தமா எழுதியிருக்காங்க! புதன் பகல்ல எழுதலை, அதனால புதன் ராத்திரி பத்து மணியில இருந்து இன்னைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும்.

ராத்திரி: 11:15க்கு 320, 12:30க்கு 340, 1:50க்கு 310, 3:00க்கு 330, 4:10க்கு 280, காலை 6 மணிக்கு 320. கூட்டினா 1,900.
பகல்: 220, 260, 180, 250, 240. கூட்டினா 1,150.
மொத்தம் 3,050 மில்லி.

அப்ப அத்தைதானே ஜெயிச்சாங்க?

வார்டு_சிஸ்டர் | வியாழன், இரவு 10:55

பாதி ஜெயிச்சாங்க. அளவைப் பாத்தா புராஸ்டேட் தனியா இதைச் செய்யல. ஆனா இன்னொரு தடவை நோட்டைப் பாரு. சுகர் பகல்லயும்தான் ஏறிக் கிடக்கு, சாப்பிட்ட பிறகுதான் 318. அப்ப பகல்லதானே கூடக் கொட்டணும்? இங்க மொத்தத்துல நூத்துக்கு 60 பங்குக்கு மேல ராத்திரியில வருது. இந்த வயசுல மூணுல ஒரு பங்கு வரைக்கும் வந்தா சரின்னு விடலாம். இது தலைகீழா இருக்கே. பகல்ல எங்கேயோ தண்ணி தங்கி, படுத்ததும் இறங்குது.

அப்பாவோட காலைப் பாரு. சாயங்காலம் செருப்பு வார் பதிஞ்ச தடம் இருக்கா? கணுக்காலுக்கு மேல கட்டைவிரலால பத்து எண்ணற வரைக்கும் அழுத்திட்டு எடு. குழி விழுதா?

கோவில்பட்டிக்காரி | வியாழன், இரவு 11:05

விழுது சிஸ்டர். ரெண்டு கால்லயும். நாங்க இதைப் பாக்கவே இல்லை. பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 10. மூணு மாசத்துக்கு முன்ன 5ல இருந்து கூட்டினாங்க.

மருந்துக்கடை_முருகு | வியாழன், இரவு 11:18

அம்லோடிபின் 10ல கால் வீங்கறது சகஜம்ங்க. பகல் பூரா கால் தொங்கிக் கிடக்கறப்ப நீர் கீழ சேரும். படுத்தா அது ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீரகத்துக்குப் போகும். அப்பா மிட்டாய்க் கடையில ஸ்டூல்ல கால் தொங்கப் போட்டுத்தானே உக்காந்திருப்பாரு?

ஆனா நாளைக்கே மாத்திரையை நிறுத்திடாதீங்க, பிரஷர் தூக்கிரும். கால் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம், ஈரல்னு வேற காரணமும் இருக்கலாம், டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். நோட்டையும் காலையும் காட்டுங்க, அது போதும்.

டாக்டர் ஒருவேளை டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு எழுதினா குழம்ப வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன். சிஸ்டர் சொன்ன பஸ்ல பாதி சீட்டைப் பிடுங்கி எறியற மாத்திரை அது. வேணும்னே ஒரு நாளைக்கு 70 கிராம் போல சர்க்கரையை யூரின்ல அனுப்பும். ஆரம்பத்துல இன்னும் கொஞ்சம் அடிக்கடி போவாங்க. யூரின் டெஸ்ட்ல சர்க்கரை எப்பவும் இருக்குன்னே காட்டும், அதுக்குப் பயப்படக் கூடாது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும். 2020ல காப்புரிமை முடிஞ்ச பிறகு டாபா விலையும் பல மடங்கு இறங்கிடுச்சு. ஆனா சுத்தமா வச்சுக்கலைன்னா அந்த இடத்துல அரிப்பும் பூஞ்சையும் வரும். வாந்தி, பேதி, விரதம், ஆபரேஷன்னா டாக்டரைக் கேட்டு நிறுத்தி வைக்கணும். என் கடையில இந்தக் கடைசி விஷயத்தை யாரும் கேக்கறதே இல்லை, சொன்னாலும் காதுல வாங்கறதில்லை.

கோவில்பட்டிக்காரி | சனி, காலை 8:00

நேத்து போயிட்டு வந்தோம். நோட்டைப் பாத்ததும் டாக்டர் நிமிர்ந்து உக்காந்தாங்க. "யாரும் இப்படி எழுதிட்டு வந்ததில்லை"ன்னாங்க, அப்பாவுக்குப் பெருமை தாங்கல.

யூரின்ல கிருமி இல்லை. கிட்னிக்குப் பாக்கற கிரியாட்டினின் சரி, யூரின்ல புரதம் போகலை. ஹார்ட் எக்கோ நார்மல். ஸ்கேன்ல புராஸ்டேட் லேசாப் பெருத்திருக்கு, ஆனா போயிட்டு வந்த பிறகு மிச்சம் 40 மில்லிதான். அதுக்கு இப்ப மருந்து வேண்டாம்னுட்டாங்க. அம்லோடிபினை நிறுத்திட்டு வேற பிரஷர் மாத்திரை. கொஞ்ச நாளைக்கு ராத்திரி ஒரு வேளை இன்சுலின், முருகு அண்ணன் சொன்ன மாத்திரையை சுகர் இறங்கின பிறகு யோசிக்கலாம்னு. மதியம் ஒரு மணி நேரம் காலை உசத்தி வச்சுப் படுக்கணும்.

இன்சுலின்னதும் அப்பா முகம் செத்துப் போச்சு. "அவ்வளவுதானா நான்"னாங்க. அம்மாதான், "ஊசி எனக்கா போடச் சொல்லுதாக? உமக்குத்தான, போட்டுக்கிடும்"னு முடிச்சு வச்சாங்க.

வடமராட்சியான் | சனி, காலை 9:15

அம்மாவும் ஆசுப்பத்திரியால வந்தாப் பிறகு நாலு மாசம் இன்சுலின் போட்டவ. பிறகு குளிசைக்கு மாத்தினவை. அப்பாட்டச் சொல்லுங்கோ.

கோவில்பட்டிக்காரி | நாலு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7:20

யாராவது இன்னும் இந்த இழையைப் பாக்கீங்களா?

வெறும் வயித்துல 128. கால் வீக்கம் வடிஞ்சு கணுக்கால் எலும்பு தெரியுது. ராத்திரி எந்திரிக்கறது முதல் வாரத்துல ஆறு தடவை நாலாச்சு, இப்ப ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. மக்கள் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்ற அக்காகிட்டயே பிரஷர் பாத்து எழுதிக்கிடுதோம். கருப்பட்டிக் காப்பி வெறுங்காப்பி ஆயிட்டு. மிட்டாய்க் கடைக்கு மட்டும் போறாங்க, வறுத்த கடலை எண்ணி இருபது.

சிஸ்டர், கண்ணாடி விஷயம் பிறகு சொல்றேன்னு சொன்னீங்களே? புதுக் கண்ணாடி போட்டா இப்ப எல்லாம் கலங்கலாத் தெரியுதுங்காங்க.

வார்டு_சிஸ்டர் | ஞாயிறு, காலை 7:55

அதான் அன்னைக்கே முணுமுணுத்தேன். சுகர் ஏறி இறங்கும்போது கண்ணோட லென்ஸும் நீர் ஏறி இறங்கி, பவர் மாறிக்கிட்டே இருக்கும். 318ல அளந்த கண்ணாடி 128க்கு எப்படிப் பொருந்தும்? சுகர் ஒரு நிலைக்கு வந்து ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆன பிறகுதான் பவர் பாக்கணும். ஆனா விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே, அது வேற. கண்ணுல மருந்து விட்டுப் பாக்கறது, இந்த மாசமே போ. அதுவரைக்கும் பழைய கண்ணாடியைப் போட்டுப் பாக்கச் சொல்லு.

கோவில்பட்டிக்காரி | ஞாயிறு, காலை 8:10

பழசை எங்க வச்சோம்னு அம்மா பீரோவைக் குடைஞ்சுக்கிட்டு இருக்காங்க. ராத்திரி நல்லாத் தூங்கினதால இப்ப திட்டுறதுக்குத் தெம்பு வந்துட்டு.